அடைத்த பின்னும் திரும்பும் கடன்

சென்னை கோயம்பேடு சந்தையில் விடியும் முன்னே கடன் கைமாறிவிடும். தள்ளுவண்டியிலும் தரைக்கடையிலும் பழம், காய் விற்பவர்கள் காலையில் 1,000 ரூபாய் வாங்கிச் சரக்கெடுப்பார்கள். பொழுது சாயும்போது ஏறத்தாழ 1,050 ரூபாயாகத் திருப்பித் தருவார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 சதவீத வட்டி. மறுநாள் காலையில் அதே கடன், அதே வட்டி. தினமும் 50 ரூபாய் தனியாக எடுத்துவைக்க முடிந்தால் 20 நாளில் 1,000 ரூபாய் சொந்த முதல் சேர்ந்துவிடும். அதன்பின் வட்டியே கிடையாது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் இப்படியே தொழில் நடத்தியவர்கள் அங்கே நிறையப் பேர்.

டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஒரு நேரடிச் சோதனை செய்து பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலுமாக மூன்று இடங்களில், கந்துவட்டிக்குக் கடன்பட்டிருந்த சிறு வியாபாரிகள் சிலரின் கடனை அவர்களே முழுமையாக அடைத்துவிட்டார்கள். வியாபாரிகள் திருப்பித் தர வேண்டியதில்லை. ஒரே நாளில் கழுத்துச் சுருக்கு அவிழ்ந்தது. 2019-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குள் வந்துவிட்டார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

கடன் தொகையைப் பூஜ்யமாக்குவது வேறு, கடன்படுவதை நிறுத்துவது வேறு என்பதை இந்தச் சோதனை காட்டியது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது. ஒருவரின் கடன் எந்தக் கட்டத்தில் பிரச்சினையாக மாறுகிறது, அதை எந்த அடையாளங்களால் முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்பதை இங்கே பார்ப்போம். நம் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ரொம்பத் தாமதமாகத்தான் எழுகிறது. கடன்காரர் வாசலில் வந்து நின்ற பிறகு, நகையெல்லாம் ஏலத்துக்குப் போன பிறகு, சில வீடுகளில் ஓர் உயிரே போன பிறகு.

மூன்று வகைக் கடன்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடன் வாங்குவதே நோய் அல்ல. பிள்ளையின் படிப்புக்கும், வீடு கட்டவும், தறி வாங்கவும் கணக்குப் போட்டு வாங்கி, சொன்ன தவணையில் கட்டி முடிக்கும் கடன் வாழ்க்கையை உயர்த்துகிறது. இது திட்டக் கடன். இதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு; வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, இல்லாமையால் விழும் பொறிக் கடன். கோயம்பேட்டு வியாபாரிகள் இந்த வகை. அவர்கள் ஊதாரிகள் அல்ல, அறியாதவர்களும் அல்ல. அவர்களிடம் இல்லாதது கொஞ்சம் தாராளம். எதிர்பாராத செலவைத் தாங்கும் கையிருப்பு. ஒரு காய்ச்சல், ஒரு மழைநாள், தவிர்க்க முடியாத ஒரு மொய், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். புதிதாகச் சேர்ந்த முதல் கரைந்து, கால் பழையபடி வட்டிக்காரர் வாசலுக்குப் போகும்.

மூன்றாவதுதான் நாம் இங்கே அடையாளம் காண வேண்டிய கட்டாயக் கடன். வருமானம் வந்தாலும் இது நிற்பதில்லை. போனஸ் வந்த மாதமும், நிலம் விற்ற ஆண்டும், பணி ஓய்வுத் தொகை கைக்கு வந்த பிறகும் கடன் தொடர்கிறது. கடன் வாங்குவதே மனத்தை ஆற்றும் வழியாகிவிடுகிறது. மனநல மருத்துவக் கையேடுகளில் இதற்குத் தனிப் பெயரிட்ட நோய் என்ற இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இதன் நெருங்கிய உறவான சூதாட்ட நோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் போதைப் பழக்க நோய்களின் வரிசையிலேயே சேர்த்தது. அதைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்று, பண நெருக்கடியிலிருந்து தப்பிக்க அடுத்தவர் பணத்தை நம்பியிருப்பது.

இரண்டாவது வகைக்கு வேண்டியது கூலி, சேமிப்பு, நியாய வட்டிக் கடன், காப்பீடு. மூன்றாவது வகைக்கு வேண்டியது சிகிச்சையும் துணையும். ஏழையைப் பார்த்து ‘கட்டுப்பாடு இல்லை’ என்று பழிப்பதும், கட்டாயக் கடனாளிக்கு ‘இன்னொரு லோன் போட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கிடு’ என்று யோசனை சொல்வதும் இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் தவறுகள். இரண்டும் பெருந்தீங்கு செய்பவை.

நெருக்கடி அறிவைச் சுருக்குகிறது

‘படித்தவர், விவரமானவர், இவர் எப்படி இவ்வளவு கடன்பட்டார்?’ என்று வியக்கிறோம். இதற்கு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடமிருந்து ஒரு விடை கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரிய பணம் வரும். வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும். வெட்டிய பின் தாராளமாக இருக்கும். வெட்டுக்கு முன்னால் நகை நட்டை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம்; பின்னால் 4 சதவீதம்.

அதே ஆளுக்கு இரண்டு முறையும் சொல்லறிவு தேவைப்படாத வடிவப் புதிர்களும், கவனத்தைச் சோதிக்கும் எண் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. பணம் வந்த பிறகு அவர்கள் இன்னும் சரியாக விடை சொன்னார்கள், வேகமாகவும் சொன்னார்கள். ஆலை ஒவ்வொருவருக்கும் வெட்டு நாளை வெவ்வேறு வாரத்தில் ஒதுக்குவதால், இது பருவ மாற்றத்தின் விளைவு என்று தள்ளிவிடவும் முடியாது. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது. ஆள் அதே ஆள். நெருக்கடி அவருடைய கவனத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. நாளைய தவணையைச் சமாளிப்பதிலேயே மூளை முழுதும் முனைந்திருக்கும்போது, அடுத்த ஆண்டைப் பற்றிய யோசனைக்கு இடமிருப்பதில்லை.

சிங்கப்பூரில் நடந்த இன்னோர் ஆய்வு இதை மேலும் கூர்மையாக்கியது. நீண்டகாலக் கடனில் இருந்த 196 ஏழை மக்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு கடனை அடைத்துக் கொடுத்தது. அதற்கு முன்னும், மூன்று மாதம் கழித்தும் அவர்களைச் சோதித்தார்கள். பதற்றம் குறைந்திருந்தது, சிந்தனை தெளிந்திருந்தது. ஆனால் வியப்பு வேறிடத்தில் இருந்தது. எவ்வளவு தொகை அடைந்தது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் அடியோடு மூடப்பட்டன என்பதே மன நிம்மதியோடு நெருங்கித் தொடர்பு கொண்டிருந்தது. ஒரே தொகையை அடைத்தாலும், அதிகக் கணக்குகளை மூடியவர்கள் அதிகம் தெளிந்தார்கள். ஒரே இடத்தில் ஒரு லட்சம் கடன் இருப்பதும், எட்டு இடங்களில் சேர்ந்து ஒரு லட்சம் இருப்பதும் மனத்துக்கு ஒன்றல்ல. எட்டுத் தேதிகள், எட்டு மிரட்டல்கள், எட்டுப் பொய்கள்.

கடன் எப்படி மருந்தாகிறது

இனி மையத்துக்கு வருவோம். பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், இன்பம் தரும் செயல் மட்டுமல்ல, துன்பத்தை நீக்கும் செயலும் பழக்கமாகும் என்று காட்டினார். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். தவணை தேதி நெருங்குகிறது; வயிற்றைப் பிசைகிறது; தூக்கமில்லை. அந்த நேரத்தில் கைப்பேசியில் ‘உங்கள் கடன் அனுமதிக்கப்பட்டது’ என்று ஒரு செய்தி. நொடியில் பாரம் இறங்குகிறது. கடன் அடையவில்லை, கூடியிருக்கிறது. ஆனாலும் உடம்பு கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே: பதற்றம் வந்தால் கடன் வாங்கு, பதற்றம் போகும். அடுத்த மாதம் பதற்றம் இன்னும் பெரிதாக வரும். அதற்கு இன்னும் பெரிய கடன் தேவைப்படும்.

மூளையின் வெகுமதி அமைப்பு இதில் எந்த அளவுக்குச் சம்பந்தப்பட்டது என்பதற்குப் பார்க்கின்சன் நோயாளிகளிடமிருந்து ஒரு வலுவான சான்று உண்டு. அந்த நோய்க்கு மூளையில் டோபமைனின் வேலையைச் செய்யும் மருந்துகள் தரப்படுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடந்த, 2010-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத பொருள் வாங்கல் போன்ற உந்துதல் கோளாறுகள் இருந்தன. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்த ஒருவரைக்கூட மருந்து மாற்றிவிடக்கூடும். பெரியவர் ஒருவர் திடீரென்று கண்டபடி செலவழித்துக் கடன் வாங்கத் தொடங்கினால், திட்டுவதற்கு முன் அவருடைய மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருமுனைக் கோளாறில் மனம் மிகையாகப் பொங்கும் காலத்திலும் இதே போல நடக்கும். அதுவும் மருத்துவத்தால் கட்டுப்படக்கூடியதே.

இதோடு எல்லா மனிதருக்கும் உள்ள இரண்டு பலவீனங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, இன்றைய நூறு ரூபாயை நாளைய இருநூறைவிடப் பெரிதாகப் பார்ப்பது. ஸ்டெஃபான் மையர், சார்ல்ஸ் ஸ்ப்ரெங்கர் ஆகியோர் பாஸ்டன் நகரில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இன்றைய மோகம் கூடுதலாக உள்ளவர்களிடம் கிரெடிட் கார்டு கடனும் கூடுதலாக இருந்தது. வருமான வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது மாறவில்லை.

இன்னொன்று, வட்டியின் உண்மையான கனம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது. தண்டல் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ‘பதினைந்து சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ குறையவே இல்லை. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம்.

கிரெடிட் கார்டும் சளைத்ததல்ல. 50,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,750. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ஐந்து சதவீதக் குறைந்தபட்சத் தொகையான 2,500-ஐ ஒழுங்காகக் கட்டினாலும் அசலில் குறைவது 435 ரூபாய்தான். ‘மினிமம் டியூ கட்டிட்டேன்’ என்ற நிம்மதி இந்தக் கணக்கைப் பார்க்கவிடாமல் செய்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பது இதனால்தான்.

ஒரு மாதத்தைக் கிட்டே பார்த்தால்

38,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை உதாரணத்துக்காகக் கற்பனை செய்துகொள்வோம். முதல் தேதி சம்பளம் ஏறுகிறது. பெர்சனல் லோன், பைக், போன் ஆகியவற்றின் தவணைகளும் வீட்டு வாடகையுமாக 23,200 அன்றே போய்விடுகிறது. மளிகைக்கும் பள்ளி வேனுக்கும் 7,000. போன மாதம் அலுவலக நண்பரிடம் வாங்கிய கைமாற்று 5,000 திரும்புகிறது. ஐந்தாம் தேதி மிச்சம் 2,800.

எட்டாம் தேதி முதல் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 4,500 கட்ட வேண்டும். தெரிந்த கடையில் இரண்டாவது கார்டைத் தேய்த்து 10,000 எடுக்கிறார். கடைக்காரர் 250 பிடித்துக்கொள்கிறார். பதினான்காம் தேதி ஏலச்சீட்டுக்கு 5,000. பதினேழாம் தேதி ஒரு காதுகுத்து, மொய் 2,000. பதினெட்டாம் தேதி இரண்டாவது கார்டுக்கு 3,800 கட்டவேண்டும்; கடன் செயலி ஒன்றில் 8,000 எழுதிக்கொண்டு 7,100 கையில் வாங்குகிறார். இருபத்துநான்காம் தேதி மனைவியின் சங்கிலிக்கு அடகு வட்டி கெடு. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே சங்கிலியைத் திருப்பி வைத்துக் கூடுதலாக 15,000 வாங்கிவிடுகிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிறார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ‘எல்லாம் சமாளிச்சாச்சு.’

இந்த மாதத்தில் ஒரு தவணையும் தவறவில்லை. யாரும் வாசலில் வந்து கத்தவில்லை. அவருடைய சிபில் மதிப்பெண்ணும் இன்னும் பெரிதாகச் சரிந்திருக்காது. ஆனால் 33,000 ரூபாய்க்குப் புதுக்கடன், ஏறக்குறைய இன்னொரு சம்பளம், ஏறிவிட்டது. அவர் வீண்செலவு செய்தாரா என்றால், செய்யவில்லை. மதுவில்லை, ஆடம்பரமில்லை. இப்படிப்பட்டவரை யாரும் கடன் நோயாளி என்று சந்தேகிக்கவே மாட்டார்கள். பணத்தைப் புரட்டத் தெரிந்தவர், சாமர்த்தியசாலி என்றே சொல்வார்கள். இந்தச் சாமர்த்தியத்தைத்தான் நாம் அடையாளமாகப் பார்க்கப் பழக வேண்டும்.

நியூயார்க்கில் சிலர் கண்டுகொண்டது

மதுப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் சிலர் 1968-இல் ஒன்றுகூடி, குடியை நிறுத்திய பிறகும் தங்களைத் துரத்தும் பணச் சிக்கலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தங்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்பதே குறை என்று முதலில் நினைத்தார்கள். தினமும் காசு சேர்த்துப் பார்த்தார்கள், உதவவில்லை. பேசப் பேசத்தான் தெரிந்தது: அவர்களால் நிறுத்த முடியாதது கடன் வாங்குவதை. ‘டெப்டர்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பு 1976-இல் நியூயார்க்கில் இப்படித்தான் நிலைபெற்றது. குடிகாரருக்கு முதல் குவளை எப்படியோ, அப்படியே தங்களுக்கு ஈடில்லாத புதுக்கடன் என்று அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கடன்படாமல் இருப்பதே அவர்களின் முதல் நெறி.

தங்கள் அனுபவத்திலிருந்து அவர்கள் திரட்டிய அறிகுறிகளையும் மேலே சொன்ன ஆய்வுகளையும் சேர்த்து, நம் ஊர் வாழ்க்கையில் இவை எப்படித் தெரியும் என்று பார்ப்போம்.

அடையாளங்கள்

கடனைக் கட்டக் கடன். எல்லா அடையாளங்களிலும் உறுதியானது இது. அங்கே வாங்கி இங்கே கட்டுவது, டாப்-அப் போடுவது, சீட்டைத் தள்ளி எடுத்துத் தண்டலை அடைப்பது, மகளிர் குழுக் கடனில் இன்னொரு குழுவின் தவணையைக் கட்டுவது. ஒருமுறை நடந்தால் நெருக்கடி. மாதாமாதம் நடந்தால் வழக்கம். அது இல்லாமல் மாதமே ஓடாது என்றால் நோயின் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

மொத்தம் தெரியாமை. ‘உங்களுக்கு மொத்தம் எவ்வளவு கடன்?’ என்று கேட்டால் சட்டென்று ஒரு தொகை வரும். எழுதிக் கூட்டினால் அது வேறாக இருக்கும். பில்லைப் பிரிக்காமல் வைப்பது, வங்கிக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பது, புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு படபடத்து எடுக்காமல் விடுவது எல்லாம் இதன் கிளைகள். கெட்ட செய்தி இருக்கும் இடத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப்போவது மனித இயல்பு. முதலீட்டாளர்கள்கூடச் சந்தை விழும்போது தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வட்டி நாம் பார்க்கும்வரை காத்திருப்பதில்லை.

ஒளிப்பு. அடகுச் சீட்டு அலமாரியின் அடியில் போகிறது. கைப்பேசிக்குப் புதுப் பூட்டு. வங்கிக் கடிதம் அலுவலக முகவரிக்கு வருகிறது. மனைவிக்கு ஒரு தொகை, அண்ணனுக்கு ஒரு தொகை, நண்பருக்கு ஒரு தொகை என்று மூன்று கணக்குகள் சொல்லப்படுகின்றன. கடனின் அளவைவிட இந்த ஒளிப்பே எனக்குக் கவலை தருவது. வெளியே சொல்லிவிட்ட பத்து லட்சத்துக்கு வழி பிறக்கும். ஒளித்துவைத்த ஒரு லட்சம் ஆளையே அரித்துவிடும்.

கடன் வரம்பைச் சொந்தப் பணமாக எண்ணுவது. ‘கார்டுல இன்னும் நாற்பதாயிரம் இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் கவனியுங்கள். அங்கே இருப்பது அவர் இன்னும் வாங்காத கடன்.

சின்னக் கைமாற்றுகள். டீக்கு ஐம்பது, பெட்ரோலுக்கு இருநூறு என்று வாங்கித் திருப்பித் தராமல் விடுவது. புத்தகம், பேனா, குடை என்று இரவல் வாங்கியவையும் திரும்புவதில்லை. தொகை அற்பமானதால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் பெரிய கடனுக்குப் பல ஆண்டு முன்பே இந்தப் பழக்கம் தென்பட்டுவிடுகிறது.

கடைசி நிமிட வாழ்க்கை. எல்லாத் தவணையும் கடைசி மணி நேரத்தில்தான் கட்டப்படும். ஒவ்வொரு மாதமும் ஒரு கண்டம், ஒரு தப்பித்தல். ‘எப்படியாவது வந்துடும்’ என்ற நம்பிக்கை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்பா பார்த்துக்கொள்வார், மச்சான் கொடுப்பார், நிலத்துக்கு விலை வரும், ஆன்லைன் ரம்மியில் விட்டதைப் பிடித்துவிடலாம். இந்தக் கடைசி நம்பிக்கை இருந்தால், கடனுக்குப் பின்னால் சூதாட்டம் ஒளிந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

அடைத்த பின் மறுபடி. பி.எஃப். பணத்தை எடுத்து, மாமனார் கொடுத்ததைச் சேர்த்து எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. ‘இதுதான் கடைசி’ என்று சாமி படத்தின் முன் சத்தியமும் செய்தாயிற்று. ஓர் ஆண்டுக்குள் மறுபடி அதே நிலைமை. சத்தியம் பொய்யல்ல, அந்த நேரத்தில் அவர் மனமாரத்தான் சொன்னார். சத்தியத்தால் மட்டும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி.

கொடுத்துக் கெடுவது. கட்டாயக் கடனாளி என்றால் தனக்காகச் சொகுசு தேடுபவர் என்று நினைத்துவிடக் கூடாது. கிழிந்த செருப்போடு நடப்பார். பல்வலிக்கு மருத்துவரிடம் போகமாட்டார். ஆனால் தங்கை வீட்டுச் சீருக்குக் கடன் வாங்கிச் செய்வார். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார். விருந்தில் எல்லோருக்கும் பில் கட்டுவார். ‘இல்லை’ என்று சொன்னால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் அவரைக் கடனுக்குத் தள்ளுகிறது. மொய்யும் சீரும் ஊருக்குத் தெரிய எழுதப்படும் நம் சமூகத்தில் இந்த அடையாளம் நல்ல குணம் போலவே தெரியும். அதனாலேயே எளிதில் தப்பிவிடும்.

உடம்பு சொல்வது. தூக்கமின்மை, எரிச்சல், மாத இறுதியில் வயிற்றுக் கோளாறு, உறவினர் விசேஷங்களைத் தவிர்ப்பது. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், ஈடில்லாத கடன் உள்ளவர்களுக்கு மனநலக் கோளாறு இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. கடனால் மனம் கெடுகிறதா, மனம் கெட்டதால் கடன் வருகிறதா என்றால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இவற்றில் ஒன்றிரண்டு யாருக்கும் எப்போதாவது இருக்கும். பல அடையாளங்கள் சேர்ந்து, மாதக்கணக்கில் தொடர்ந்து, பணம் வந்த பிறகும் மறையாமல் இருந்தால் அதைக் கட்டாயக் கடன் என்று எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும்.

கண்டுகொண்ட பிறகு

முதல் வேலை எழுதுவது. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும். கைமாற்று ஐந்நூறும் விடுபடக் கூடாது. வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்கு நினைவை நம்ப வேண்டாம். சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை வாங்கி ஒப்பிட்டால் மறந்துபோன கணக்குகளும் வெளியே வரும்.

இரண்டாவது, அந்தத் தாளை நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுவது. ஒளிப்பு உடைந்த அன்றுதான் மீட்சி தொடங்குகிறது.

மூன்றாவது, புதிதாக ஒரு ரூபாயும் கடன்படாமல் இருப்பது. பழைய கடனை வேகமாக அடைப்பதைவிட இது முக்கியம். கார்டை வெட்டுவது, செயலிகளை நீக்குவது, சம்பளக் கணக்கை வீட்டில் இன்னொருவர் பார்வையில் வைப்பது, இதெல்லாம் மனவுறுதியின் சுமையைக் குறைக்கும். எதை முதலில் அடைப்பது? அதிக வட்டிக் கடனை என்பது கணக்கு. வட்டி ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தால் சின்னக் கணக்குகளை முதலில் மூடுங்கள் என்பது சிங்கப்பூர் ஆய்வு தரும் பாடம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. எல்லாக் கடனையும் சத்தமில்லாமல் நீங்களே அடைத்துவிடாதீர்கள். கோயம்பேட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே இல்லாமை கடனைத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கே பழக்கம் கொண்டுவரும். உதவுங்கள், ஆனால் முழுக் கணக்கும் வெளியே வந்த பிறகு, புதுக்கடன் நின்ற பிறகு உதவுங்கள். அவமானப்படுத்தாதீர்கள். அவமானம் அவரை அடுத்த ஒளிப்புக்கே விரட்டும்.

வசூலுக்கு வருபவர்களின் மிரட்டலுக்குப் பயந்துதான் பலர் அடுத்த கடனுக்கு ஓடுகிறார்கள். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மிரட்டவோ, உறவினர் முன் அவமானப்படுத்தவோ கூடாது. தமிழ்நாட்டில் அநியாய வட்டிக்கு எதிராக 2003 முதலே சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் தருவது உங்கள் உரிமை. மனம் தாங்க முடியாத கட்டத்தில் இருந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும், அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். கடனுக்குத் தவணை உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, நீதிமன்றம் உண்டு. உயிருக்கு மாற்று கிடையாது.

கடன் பெரிதாகத் தெரியத் தொடங்கும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் அடையாளங்கள் தெரியத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு லட்சத்தில் கண்டுகொண்டால் இரண்டு மூன்று ஆண்டில் மீளலாம். இருபது லட்சத்தில் கண்டுகொண்டால் வீடே போகும். ஆகவே ‘எவ்வளவு கடன்?’ என்ற கேள்வியோடு இன்னும் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அது எதைக் கட்ட வாங்கியது? அது யாருக்குத் தெரியாது? போன முறை அடைத்த பிறகு எத்தனை நாளில் திரும்பியது? இவற்றை முதலில் நம்மையே கேட்டுக்கொண்டு, பிறகு நாம் நேசிப்பவர்களிடம் கோபமில்லாமல் கேட்கப் பழகினால், எத்தனையோ வீடுகளைக் காப்பாற்ற முடியும்.